கூடுதல் வேலை

எங்கள் வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது கிடையாது. பகை ஒன்றும் இல்லை, மரியாதைதான். கல்யாணமான நாளிலிருந்து எங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் என் மாப்பிள்ளை என்னிடம் "வாங்க மாமா", "வரேன் மாமா" என்ற இரண்டுக்கு மேல் அதிகம் பேசியதில்லை. நானும் "சாப்டீங்களா மாப்பிள்ளை" என்பதைத் தாண்டியதில்லை. கனமான விஷயம் எதுவானாலும் என் மகள் நடுவில் நின்று அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் கொண்டு வருவாள். வழியில் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ப்பாள்.

அன்று காலை சர்க்கரை சேர்க்காமல் வந்தாள்.

"அப்பா, இந்த மாசமும் அவர் கடைசியில நின்னா வேலை போயிடும். மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்."

மாப்பிள்ளைக்கு வேலை ஒரு பெரிய கார் சர்வீஸ் நிலையத்தில். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தவர். கை சுத்தம், வாய் அடக்கம் என்று பார்த்து உள்ளே இழுத்து, சட்டை மாட்டி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, சர்வீஸ் அட்வைசர் என்று உட்கார வைத்தார்கள். அந்த வாய் அடக்கம்தான் இப்போது கழுத்தை அறுத்தது. ஆயில் மாற்ற வந்த வண்டியை ஆயில் மட்டும் மாற்றி அனுப்பினால் அங்கே அதை வேலை என்றே எண்ணுவதில்லையாம். என்ஜினை உள்ளே கழுவுவது, ஏசிக்குள் கிருமிநாசினி அடிப்பது, அடிப்பாகத்தில் துருப்பிடிக்காமல் பூச்சுப் பூசுவது என்று எதையாவது வந்தவர் தலையில் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பெயர் கூடுதல் வேலை. யார் எவ்வளவு கட்டினார் என்று ஊழியர்கள் சாப்பிடும் அறையில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். கடைசியில் இருப்பவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மாப்பிள்ளை அந்த வட்டத்துக்குள் குடியிருக்கத் தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது.

"என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"உங்க வண்டிக்கு சர்வீஸ் வந்துடுச்சில்ல. அங்க கொண்டு போய் விடுங்க. அவர் எதெது சொல்றாரோ எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடுங்க."

"அதுக்கென்ன, நம்ம மாப்பிள்ளை."

"அங்கதான்ப்பா சிக்கல். சொந்தக்காரங்க வண்டி கணக்குல சேராது. முன்னாடி யாரோ ஒருத்தர் சித்தப்பா பெரியப்பான்னு வம்சத்தையே வரிசையில நிறுத்திட்டாராம். அதுலேர்ந்து சட்டம் போட்டுட்டாங்க. தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. அதனால அங்க உங்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு உங்களைத் தெரியாது."

"என்னை நடிக்கச் சொல்ற."

"பேசாம இருக்கச் சொல்றேன். நடிக்கறத விட அது உங்களுக்குக் கஷ்டம்னு எனக்கும் தெரியும்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி முன்னாடி நின்னு 'சரிங்க, சரிங்க'ன்னு பத்துத் தரம் சொல்லிப் பழகிட்டுப் போங்க. நம்ம வீட்ல நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல அந்த வார்த்தைய. வாய் சுளுக்கிக்கப் போகுது."

நாங்கள் மருந்துக்கடை வீடு. என் தகப்பனார் நடத்திய கடையை அவருக்குப் பின் நான் நடத்தினேன். முழங்கால் ஒத்துழைக்காத பிறகு அதைக் கைமாற்றிவிட்டேன். இன்றும் தெருவில் எனக்குப் பெயர் மருந்துக்கடை ஐயாதான். டாக்டர் சீட்டில் இல்லாத ஒரு மாத்திரை எங்கள் கடைப்படி இறங்கியதில்லை. டானிக் கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாகப் பரிசு கொண்டு வருவார்கள், வந்த வழியே அனுப்பிவிடுவேன். "இந்த மருந்து நல்லாக் கேக்குமாய்யா?" என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது, எழுதிக் குடுத்தவரைக் கேளுங்க" என்பேன். பக்கத்துக் கடைக்காரன் அதைக் கேட்டுச் சிரிப்பான். மூட்டை மூட்டையாக விற்கத் தெரிந்தவன் அவன். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதில் எனக்குக் குறை கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வேண்டாததை விற்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவளுக்கு. யோசித்துப் பார்த்தேன். வண்டி என்னுடையது, செலவும் என்னுடையது. என் வண்டிக்கு வேண்டாததை என் இஷ்டத்தில் நான் செய்துகொண்டால் யாரை ஏமாற்றியதாகும்? அந்த நிறுவனத்தை வேண்டுமானால் சொல்லலாம். தன் ஆளையே இப்படி நெருக்கும் இடத்துக்கு அது போதாது.

சரி என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைசியாகப் பிடித்தது.

நிலையத்தின் வாசலிலேயே ஒரு பெண் என் சாவியை வாங்கிக்கொண்டு, இருக்கைக்குப் பாலிதீன் உறை போட்டு, ஸ்டியரிங்குக்கும் ஒரு உறை மாட்டினாள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவது போல வண்டி உள்ளே போயிற்று. காத்திருக்கும் அறை கண்ணாடிச் சுவரோடு இருந்தது. மறுபக்கம் லிஃப்டில் தூக்கிய வண்டிகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றன. சத்தமில்லாமல் ஓடும் டிவி, பொத்தானை அழுத்தினால் முனகும் காபி மெஷின், பழைய டயர் வாசனையை மறைக்க அடித்திருந்த ஏதோ ஒரு பூ வாசனை. ஓர் ஓரத்தில் விறைப்பான நாற்காலி ஒன்று இருந்தது. சோபாவில் சாய்ந்து பழக்கமில்லாத நான் அதில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வந்தார். கையில் சிலேட்டு மாதிரித் திரையோடு ஒரு டேப். பின்னாலேயே மேனேஜரும் வந்து, காபி எடுப்பவர் போல மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டார். வயசில் என் மாப்பிள்ளையை விடச் சின்னவர். இஸ்திரி கலையாத சட்டை, நீங்காத சிரிப்பு.

"வணக்கம் சார்" என்றார் என் மாப்பிள்ளை.

அவர் பார்வை என் சட்டைப் பையில் இருந்தது. முகத்துக்கு ஏறவில்லை. சொல்லி வைத்ததுதான். ஆனாலும் வீட்டில் எழுந்து நின்று "வாங்க மாமா" என்பவர் வாயிலிருந்து அந்தச் சார் வந்து விழுந்தபோது, என்னை யாரோ தெருவில் நிறுத்திக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"ஆயில் மாத்தறோம் சார். அதோட, என்ஜின் உள்ள கசடு சேந்திருக்கு, ஒரு ஃப்ளஷ் பண்ணிட்டா நல்லது. இது உங்க வண்டி ஏசி ஃபில்டர் சார், பாருங்க." டேப்பைத் திருப்பினார். கரியும் சருகும் அப்பிய ஃபில்டர் ஒன்றின் படம். ஒரு மூலை கிழிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. "வீட்ல குழந்தைங்க, பெரியவங்க இருப்பீங்க. இந்தக் காத்தத்தான் சுவாசிக்கறீங்க."

என் வண்டி ஃபில்டரை அண்மையில்தான் ஒரு விடுமுறை நாளில் எங்கள் வாசலில் வைத்து மாப்பிள்ளையே மாற்றித் தந்திருந்தார். சரி.

"சரிங்க" என்றேன்.

"கீழ துரு வராம கோட்டிங்..."

"சரிங்க."

"கண்ணாடிக்குத் தண்ணி ஒட்டாம ஒரு..."

"அதுவும் பண்ணிடுங்க."

என் மனைவி பார்த்திருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள். மேனேஜர் காபியை உறிஞ்சியபடி, "பெரியவங்க பெரியவங்கதான் சார். வண்டிய எப்படி வெச்சுக்கணும்னு உங்களைப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். மாப்பிள்ளை கழுத்தில் வியர்வை ஓடியதைப் பார்த்தேன். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அத்துடன் எழுந்து வெளியே போய் நின்றிருக்கலாம். போகவில்லை. வண்டி முடியும் வரை உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

"மருந்துக்கடை ஐயாதானே?"

திரும்பினேன். தையற்காரம்மா. எங்கள் கடைத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். அவருடைய கணவர் நெடுநாள் படுக்கையில் இருந்தார். மாதா மாதம் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வருவார், நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எது எப்போது என்று சொல்லி அனுப்புவேன். அந்த மனிதர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த அம்மாவைப் பார்க்கவில்லை. இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? வண்டி வாங்கிட்டீங்களா?"

"பழசுய்யா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன்ல, மூட்டை தூக்கி மாளல. பையன் ஓட்டறான். இன்னிக்கு அவனுக்குப் பரீட்சை, நான் கொண்டு வந்தேன். ஆயில் மாத்தலாம்னு வந்தா, இவங்க பெரிய பட்டியலே வாசிக்கறாங்க. தலை சுத்துது."

அவருடைய வண்டியையும் பார்ப்பது என் மாப்பிள்ளைதான். டேப்போடு அவரே மறுபடி வந்தார். மேனேஜரும் வந்தார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா, சொன்னேன்ல, முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் பேட் தேஞ்சிருக்கு..." என்று மாப்பிள்ளை தொடங்கினார்.

"அது மட்டுமில்லம்மா" என்று மேனேஜர் இடையில் புகுந்தார். "சொல்லுங்க, ஃபில்டர் காட்டுங்க அம்மாவுக்கு."

மாப்பிள்ளை ஒரு கணம் நின்றார். பிறகு டேப்பைத் திருப்பினார். "இது உங்க வண்டி ஃபில்டர்ம்மா."

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது. அதே கரி. அதே சருகு. மூலையில் நாக்கு மாதிரித் தொங்கும் அதே கிழிசல்.

"ஃப்ளஷ், கோட்டிங், இது எல்லாம் சேத்துப் பண்ணிட்டா ரொம்ப நாளைக்குக் கவலை இல்ல" என்றார் மேனேஜர். "பாருங்க, சார்கூட எல்லாமே பண்ணிக்கறார்."

தையற்காரம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த குழப்பம் தெளிந்ததை நான் பார்த்தேன். சாமியைக் கண்டது போல என்று சொன்னால் மிகையாகும். சீட்டை நீட்டிவிட்டு நான் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த முகம்.

"ஐயா பண்றாரா? அப்ப அதுல விஷயம் இருக்கும். வேண்டாத ஒண்ண ஐயா கையால தொட மாட்டார். சரி தம்பி, எல்லாம் பண்ணிடுங்க."

மேனேஜர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். அந்த ஒரு தட்டில் என் மகளின் வீடு நிமிர்ந்து நின்றது எனக்குத் தெரியும். சிவப்பு வட்டம் அழிந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. டிவி பார்த்தால் போதும்.

என் தகப்பனாரும் நானும் கட்டிய பெயர் அது. அதை வைத்து ஒரு கைம்பெண்ணின் தலையில் கசடு கழுவலைக் கட்டினார்கள். கட்டியது மேனேஜர் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வரவில்லை.

"அம்மா, உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

மேனேஜர் சிரிப்பு மாறாமல் திரும்பினார். "ஏன் சார்? நீங்க பண்ணிக்கறீங்களே."

"நான் பண்ணிக்குவேன். அவங்களுக்கு வேண்டாம்."

"அதெப்படிய்யா?" என்றார் தையற்காரம்மா. "உங்க வண்டிக்கு நல்லதுன்னா என் வண்டிக்கும் நல்லதுதானே? வேண்டாம்னா நீங்க ஏன் பண்றீங்க?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. பொய்யாக ஒன்றைத் தேடினேன் என்றும் சொல்ல மாட்டேன். தேடவில்லை. மாப்பிள்ளை டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"இவர் என் மாப்பிள்ளைம்மா. இவருக்காகத்தான் சரி சரின்னேன். எனக்கும் இதெல்லாம் தேவையில்ல, உங்களுக்கும் தேவையில்ல. அந்தப் படம் என் வண்டியோடதும் இல்ல, உங்க வண்டியோடதும் இல்ல."

அறையில் இருந்த வேறு சிலரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜரின் சிரிப்பு அப்போதும் இறங்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "உங்க மாமனாரா?"

"ஆமா சார்."

"அட்டைய ரிசப்ஷன்ல குடுத்துடுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார். கயிறு காதில் மாட்டி, விடுவிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கழற்றிய பிறகு, போகாமல் தையற்காரம்மாவின் முன்னால் வந்து நின்றார். மேனேஜர் இருக்கிறார் என்பதையே மறந்தவர் போல.

"அம்மா, மத்ததையெல்லாம் விட்டுடுங்க. பிரேக் பேட் மட்டும் மாத்திடுங்க. அது உண்மை. ரெண்டு பக்கமும் இரும்பு தெரியுது. இங்க வேண்டாம்னா வெளியில எங்கயாவது மாத்துங்க, ஆனா மாத்தாம ஓட்டாதீங்க."

"மத்ததெல்லாம் பொய்யா அப்ப?"

"ஆமாம்மா."

"இது மட்டும் உண்மை."

"ஆமாம்மா. நானே அடியில போய்ப் பாத்தேன். இந்தாங்க படம்."

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "இதுவும் எத்தனை பேருக்குக் காட்டின படமோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை சொல்றது உண்மையா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார்.

நான் டேப்பைப் பார்த்தேன். ஒரு இரும்புத் தட்டு, கறுப்பாக ஏதோ ஒரு துண்டு. தேய்ந்ததா, புதியதா, யாருடையது, எனக்கு எப்படித் தெரியும்? சற்று முன்பு இதே விரல் இதே டேப்பில் இன்னொரு படத்தை அந்த அம்மாவின் வண்டி என்று காட்டியது. தெரியாததைத் தெரியும் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அதுதானே நாங்கள்?

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

தையற்காரம்மா கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. ஆயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சாவி வந்தது. போகும்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு உங்க கடையில வாங்கினதெல்லாம்... அதெல்லாம் சீட்டுல இருந்ததுதானே?"

ஏளனமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். நான் "ஆமாம்மா" என்றேன். அவர் தலையசைத்தார், கேட்டுக்கொண்டேன் என்பது போல. நம்பினேன் என்பது போல அல்ல.

ஆயில் மட்டும் மாற்றிய என் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளை அன்று நிலையத்து வேனில் வேலைக்கு வந்திருந்தார், திரும்ப வழி இல்லை. "ஏறுங்க மாப்பிள்ளை" என்றேன். முன்னால் ஏறாமல் பின் இருக்கையில் ஏறினார். பாலிதீன் உறை சரசரக்கும் சத்தம் வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தது.

பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது பேசினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"வேலை போனதுக்கு நான் வருத்தப்படல மாமா. அந்தம்மாவ ஏமாத்த எனக்கும் மனசு வரல. நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேனான்னு கேட்டா, தெரியல, சொல்லியிருக்க மாட்டேன். அதுல உங்க மேல கோவம் இல்ல."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னதுக்கெல்லாம் சரிங்க சரிங்கன்னு சொன்னீங்க. உண்மை சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதுக்குத் தெரியாதுன்னுட்டீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன். மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்று பெரியவர்கள் வைத்தது இதற்காகத்தானோ என்னவோ.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். கணவரின் கழுத்தைப் பார்த்தாள், அட்டை இல்லை. அவர் உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். அழவில்லை.

"வேலைய விடுங்கப்பா. அது எப்படியும் ஒரு நாள் போயிருக்கும். அந்தம்மா கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன். பிரேக்கப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"அவங்க பிரேக்கப் பத்தியா கேட்டாங்க?"

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"கல்யாணம் பண்ணிக் குடுக்கும்போது ஊர்ல எல்லார்கிட்டயும் பையன் சொக்கத் தங்கம்னு சொன்னீங்களே. அப்பத் தெரிஞ்சுது. இன்னிக்கு நாலு பேர் முன்னாடி தெரியாமப் போயிடுச்சு." சொல்லிவிட்டு, என் கையில் இருந்த தண்ணீர் டம்ளரை, நான் குடித்து முடிக்கும் முன்பே வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மகள் வழியாக அல்ல, நானே கதவைத் தட்டினேன். "மாப்பிள்ளை, அந்தம்மா வீடு எனக்குத் தெரியும். போய்ச் சொல்லிட்டு வருவோம்." அவர் எழுந்து வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். வழியில் ஒரு உதிரிபாகக் கடையில் நிறுத்தச் சொல்லி, அந்த வண்டிக்கு ஏற்ற பிரேக் பேட் பெட்டி ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜாக்கியும் ஸ்பானரும் என் டிக்கியிலேயே இருந்தன. அந்தம்மா சம்மதித்தால் வாசலிலேயே மாட்டிக் கொடுத்துவிடலாம் என்றார். இந்தத் தடவை முன் இருக்கையில்தான் உட்கார்ந்தார்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தினேன். "நீங்க இருங்க, நான் பேசிட்டுக் கூப்பிடறேன்."

வீட்டின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். வாசலில் எண்ணெய் சொட்டிய கறை இருந்தது, வண்டி இல்லை. கூப்பிட்டேன். மெஷின் நின்றது. தையற்காரம்மா ஜன்னலுக்கு வந்தார், கதவைத் திறக்கவில்லை.

"வண்டி எங்கம்மா?"

"பையன் எடுத்துட்டுப் போயிருக்கான். யூனிஃபார்ம் கொண்டு போய்க் குடுக்கணும்."

"எந்தப் பக்கம்? ஃபோன் பண்ணி வரச் சொல்லுங்கம்மா. அந்த பிரேக் விஷயம் உண்மை. என் மாப்பிள்ளை சொன்னா அது உண்மை."

"நேத்து தெரியாதுன்னீங்க."

"பிரேக்கப் பத்தி இன்னிக்கும் எனக்குத் தெரியாது. அவரைப் பத்தித் தெரியும். நேத்தே சொல்லியிருக்கணும்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்தார். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கி, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கையில என்ன வெச்சிருக்கார்?"

"பேட்டும்மா. இங்கயே மாட்டிடலாம்னு. நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"சீட்டு இல்லாம ஒரு மாத்திரை குடுக்க மாட்டீங்க. இப்ப கேக்காமலே வீட்டு வாசலுக்குக் கொண்டு வர்றீங்க." குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "போங்கய்யா. இதுல எது நெசம், எது உங்க குடும்ப விவகாரம்னு பிரிச்சுப் பாக்க எனக்கு நேரம் இல்ல. நாளைக்குள்ள இன்னும் நிறையத் தைக்கணும்."

"பையனுக்கு ஒரு ஃபோன் மட்டும் பண்ணுங்கம்மா."

"ஓட்டும்போது எடுக்க மாட்டான்" என்றார். ஜன்னலைச் சாத்தவில்லை. போய் உட்கார்ந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

நான் அங்கிருந்து நகரவில்லை. யார் வீட்டு வாசலிலும் அழைக்காமல் நின்று பழக்கமில்லை எனக்கு. அப்படி நிற்பவர்களைப் பற்றி நான் என்ன நினைத்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள். முழங்கால் வலித்தது. முதுகை வளைக்காமல் நின்றேன். சற்றுப் பொறுத்து மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார்.

"வாங்க மாமா, போலாம். அவங்க நம்ப மாட்டாங்க."

"வண்டி வரட்டும். பையன்கிட்ட சொல்லிட்டுப் போவோம்."

அவர் பெட்டியை மதில்மேல் வைத்துவிட்டு நின்றார். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. மூட்டை ஏற்றிய வண்டியோ காய்கறி வண்டியோ பள்ளிக்கூட வேனோ, தெருமுனையில் ஏதாவது ஒன்று திரும்பும்போதெல்லாம் நாங்கள் இருவரும் தலையைத் திருப்பினோம். அதே நேரத்தில் உள்ளே மெஷின் நிற்கும். அந்த வண்டி எங்களைக் கடந்து போகும் வரை உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. கடந்து போன பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது மறுபடியும் தைக்கத் தொடங்கும்.